ஐந்து குதிரை போதும்

வாயில் நான்கு ஊக்குகள், இரண்டு கைகளிலும் மணப்பெண்ணின் கொசுவம். அப்போதும் மோகனப்பிரியாவின் கண் சன்னலுக்கு வெளியே போய்விடும். எதிர் அடுக்குமாடி புளோக்கில் மூங்கில் கழிகளில் காயும் சட்டைகள் எந்தப் பக்கம் உப்புகின்றன என்று பார்ப்பார். ஊக்குகள் ஒவ்வொன்றாக இடுப்பில் ஏறியதும் வாய்க்கு விடுதலை. "நல்ல காத்து லா. இன்னிக்கு சாங்கி கடல்ல இருந்திருக்கணும்." மணப்பெண் தனக்குத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டுவாள்.

தேக்காவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய அலங்கார நிலையம். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் எனக்குப் பழக்கமானவர். வெயிலில் வறுபட்ட முகம். மணப்பெண்களின் அம்மாக்கள் அதைப் பார்த்துச் சற்றுத் தயங்குவார்கள். "இது கடல்ல வாங்குன கலரு ஆன்ட்டி. இத யாருக்கும் பூசிவிட மாட்டேன், பயப்படாதீங்க" என்பார்.

சாங்கியில் ஒரு படகுத்துறையில் அவருடைய பாய்மரப் படகு மிதக்கிறது. நாடு மாறிப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய படகு. ஆரஞ்சு வண்ணம் அடித்து, 'கனகாம்பரம்' என்று தன் கையாலேயே பெயர் எழுதினார். எழுதியது கண்மை தீட்டும் அதே நிதானத்தில்.

கணவர் வடிவேலு பேருந்து ஓட்டுகிறார். இங்கே அந்த வேலைக்கு பஸ் கேப்டன் என்று பெயர். "ரோட்டுல இவரு கேப்டன், தண்ணியில நான்" என்பது ப்ரியாவின் வழக்கமான பேச்சு. அதில் விளையாட்டு குறைவு, உண்மை அதிகம். கயிறு, பாய், சுக்கான் எல்லாம் அவர் கையில்தான். வடிவேலு தொப்பி பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாய்மரப் படகுக்கு மோட்டார் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "காத்து லீவு போட்டா வீட்டுக்கு வரணும்ல" என்றார். போன ஜூனில் காற்று அப்படித்தான் லீவு போட்டது. உபின் தீவுக்கும் சாங்கிக்கும் நடுவில் பாய் ஈரத்துணி போலத் தொங்கிவிட்டது. படகோடு வந்த கிழட்டு மோட்டாரைக் கிளப்பும் வித்தை ப்ரியாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்று அவருக்கும் அது மசியவில்லை. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய் ஒரு மீன் பண்ணையின் மிதவைகளில் மோதவைக்கப் பார்த்தது. பண்ணையில் இருந்தவர்கள் கயிறு வீசிக் காப்பாற்றினார்கள். கரைக்கு வந்து வடிவேலு கோப்பி குடித்து முடித்தார். பிறகு, "படக வித்துடலாம் ப்ரியா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவில்லை. ப்ரியாவும் தனியாகப் போகவில்லை. போகத் தெரியாமல் இல்லை. "திரும்பிப் பாத்தா தொப்பியப் புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு இருக்கணும் எனக்கு" என்றார். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது: புது மோட்டார் ஒன்று பார்ப்பது, ஒரே ஒரு முறை போய் வருவது. அப்போதும் வடிவேலுவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கனகாம்பரத்தை விற்றுவிடுவது.

ஜாலான் புசார் பக்கம் ரமீஸ் என்பவரின் மோட்டார் கடைக்கு அவர்கள் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். வடிவேலு நேராகப் பதினைந்து குதிரைச் சக்திக்காரன் முன்னால் போய் நின்றார். "இதுதான். இது இருந்தா காத்தே வேணாம்."

"அப்ப பாய் எதுக்குங்க, துணி காயப்போடவா?" என்றார் ப்ரியா.

ரமீஸ் சிரித்தார். "அண்ணே, இந்த வெயிட்டு பின்னாடி தொங்குனா படகு குந்திக்கும். உங்க படகு சைஸுக்கு அஞ்சு போதும்."

"அஞ்சா? என் பஸ்ஸு எவ்வளவுன்னு தெரியுமா தம்பி?"

"பஸ்ஸு மேடு ஏறணும்ண்ணே. இது தண்ணியத் தள்ளுனா போதும்."

ப்ரியாவின் மனம் மின்சார மோட்டாரில் சிக்கியது. சத்தமில்லை, பெட்ரோல் வாடை இல்லை. பட்டுப்புடவைக்காரிக்கு அது பெரிய விஷயம். அதைத் தடவிப் பார்த்தபடி, "எதிர் நீரோட்டத்துல எவ்வளவு தூரம் வரும்?" என்று கேட்டார். அதிக தூரம் வராது என்று ரமீஸ் உண்மையைச் சொன்னார். ப்ரியா பெருமூச்சோடு கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு கைப்பையிலிருந்து ரவிக்கை அளவெடுக்கும் நாடாவை உருவினார். படகின் பின்பலகை உயரத்துக்கு நேரே அதில் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. ஐந்து குதிரையில், தண்ணீருக்குள் இறங்கும் தண்டான கால் குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று இருந்தன. அலை தூக்கும்போது குட்டைக் காலின் விசிறி தண்ணீரைவிட்டு மேலே வந்து காற்றைக் கடையும் என்றார் ரமீஸ். நாடாவும் நெட்டைக் காலுக்கே வாக்களித்தது.

ரமீஸ் தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரை மாட்டி, கயிற்றின் பிடியை ப்ரியாவிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "அவரு இழுத்துப் பாக்கட்டும்."

"நான் எதுக்கு? நீதான ஓட்டுற." வடிவேலு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு எனக்கு கடல் பயமில்ல ப்ரியா. நீ இழுத்து இழுத்து கை செவந்துபோச்சு. நான் சும்மா உக்காந்திருக்கேன். எதத் தொடணும்னுகூட தெரியல. தினம் ஒரு பஸ்ஸு ஜனங்கள வீடு சேக்கிறவன் நான்."

ப்ரியா அளவு நாடாவைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டார். "இத்தன வருசத்துல நானும் சொல்லித் தரலையே" என்றார். வடிவேலுவின் கையை எடுத்துப் பிடியின் மேல் வைத்தார். "மெதுவா இழுங்க. முட்டுற எடம் வரும். அங்கருந்து சட்டுனு."

முதல் இழுப்புக்கு மோட்டார் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் கொதிப்பதுபோல் புரள, வடிவேலு காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரமீஸிடம் திரும்பி, "தம்பி, இதுல ரிவர்ஸ் இருக்கா?" என்றார்.

கடை வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். துறையை விட்டுக் கிளம்பியபோது மோட்டாரும் சுக்கானும் வடிவேலுவின் பொறுப்பில் இருந்தன. மீன் மார்க்கெட்டில் விலை கேட்பதுபோல் ப்ரியா இடைவிடாமல் உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார். இடது, வலது, மெதுவா, அந்தக் கயிறு, இந்த மிதவை. துறையின் வாயில் ஒரு கயாக் படகுக் கூட்டம் குறுக்கே வந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் போலும், ஆளுக்கொரு திசையில் துடுப்பு போட்டார்கள். வடிவேலு வேகத்தைக் குறைத்தார், கியரை எடுத்தார், லேசாகப் பின்னால் போட்டுப் படகை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, சாலையைக் கடக்கும் வயதானவர்களுக்குக் காட்டுவதுபோல் இடது உள்ளங்கையை விரித்து, "போங்க, போங்க" என்று காட்டினார்.

ப்ரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தில் கைவிட்டு, ஒரு முறுக்கை எடுத்து அந்த வாய்க்குள் போட்டுக்கொண்டார்.