அருளப்பன் காதில் நான் பிடுங்கிய பஞ்சு

நான் விஸ்வநத்தத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். தீபாவளி முடிந்த கையோடு எங்கள் என்.சி.சி. மாணவர்களுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. காதில் பஞ்சை நன்றாக அடைத்துக்கொள்ளும்படி ஹவில்தார் சொன்னார். நான் அடைக்கவில்லை. சுடுவதற்காகப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த நண்பன் அருளப்பன் அடைத்திருந்தான்.

“ஏலே, அணுகுண்டு வெடி செய்யிற ஊர்ல இருந்துக்கிட்டு காதுல பஞ்சாலே? பொம்பளப் பிள்ளையா நீ?” என்று அவன் இடது காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் வெட்கப்பட்டு மற்றதைத் தானே எடுத்துவிட்டான்.

சுட்டுவிட்டு எழுந்தபோது இருவருக்கும் காது ‘கொய்’யென்று இரைந்தது. எனக்கு மறுநாள் நின்றுவிட்டது. அவனுக்கு நிற்கவில்லை. இப்போது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. இனி அது சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் அம்மா நர்ஸ். “வச்ச பஞ்ச எதுக்குலே எடுத்த?” என்று என் முன்னாலேயே அழுதார்கள்.

“கூச்சமா இருந்துச்சும்மா,” என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்காமல், அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் சுடுவதற்கு முன் வரிசையில் ஒவ்வொருவர் காதையும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். “காது டாக்டரு வந்துட்டாருலே!” என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அருளப்பன் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். இது அச்சாகி வருவதற்குள் நானே போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.