முன்னால கூட்டம்

மாரத்தான் ஓடி முடித்தவர்களிடம் ஒரு வாரத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தொலைந்தோம். எந்தக் கிலோமீட்டரில் கால் பிடித்தது, எந்த விரலில் நகம் பெயர்ந்தது, எந்தப் பாலத்தில் உயிர் போய் உயிர் வந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் எத்தனை தடவைதான் கேட்பார்கள்? 'சரி சரி' என்று எழுந்து போய்விடுகிறார்கள். பாவம், இவர்கள் எங்கே போய்ச் சொல்லுவார்கள்! அதனால்தான் ஓர் ஓட்டக் குழுவினர் பெரிய ஓட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவது என்று வைத்திருந்தார்கள். டாக்டரும் ஓடுகிறவர். ஞாயிறு அவருக்கு நோயாளிகள் கிடையாது. சுவரோரம் நாற்காலிகள், மூலையில் மீன் தொட்டி, எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல்லின் படம். அதைப் பார்த்தபடி ஆளுக்கொரு கப் காபியோடு அவரவர் கதையைச் சொல்லலாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக ஓடி முடித்தவர்தான் முதலில் பேச வேண்டும். வேகக்காரர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்று டாக்டர் செய்த ஏற்பாடு அது.

அந்த ஞாயிறு அக்கா தன் கணவரின் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்போதுமே அவருக்கு இடது பக்கம்தான் அவள் இடம். ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. குழுவில் வயதில் பெரியவர்களுக்குக்கூட அவள் அக்காதான். கணவரை எல்லோரும் டிரைவர் என்பார்கள். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு செத்து, இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "பஸ்ஸுதான் போச்சு, பேராவது இருந்துட்டுப் போகட்டுமே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கண் போன புதிதில் அவர் சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஒரே நாற்காலியில் கிடந்தார். சாப்பாட்டுத் தட்டு சுவர் வரைக்கும் பறந்திருக்கிறது. "நான் செத்துத் தொலையறேன், நீயாவது நிம்மதியா இரு" என்பார். அக்கா லேசுப்பட்டவளா என்ன? "நீங்க செத்தா எனக்கு நிம்மதின்னு யார் சொன்னா? எந்திரிங்க முதல்ல" என்று ஒருநாள் கையைப் பிடித்துத் தரதரவென்று பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடந்துகொண்டிருந்தவருக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று ஓட ஆரம்பித்துவிட்டார். கையை விட்டால் மரத்தில் போய் மோதுவார். விடாமல் அவளும் செருப்புக் காலோடு ஓடினாள். ஒரு சுற்று முடிந்து நின்றதும் மனிதர் மூச்சிரைக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். "என்னடி, விழுந்துட்டியா? அடி பட்டுச்சா?" என்று அவர் காற்றில் கையைத் துழாவினார்.

அவள் ஓட்டக்காரி ஆனது அப்படித்தான். பழைய ஷூ லேஸ் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் வளையம் போட்டாள். ஒன்று அவர் விரல்களில், ஒன்று அவள் விரல்களில். ஓடும்போது அவள் வாய் ஓயாது. "வேகத்தடை வருது, காலைத் தூக்குங்க. இப்ப வலது. தண்ணி மேசை கிட்ட வந்துட்டோம்." இதோடு நிறுத்தினால் அவள் அக்கா இல்லையே! "பச்சைக் கேட் வீட்டு நாய் மல்லாந்து தூங்குது பாருங்க. மாடியில ஒருத்தன் பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டே நம்மளை வேடிக்கை பாக்கறான். நுரை சட்டையில ஒழுகுது, அதுகூடத் தெரியல அவனுக்கு." கேட்பதற்காக அவர் தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். இந்த ஜோடியின் பக்கத்தில் ஓடினால் தூரமே தெரியாது என்று குழுவில் சொல்லுவார்கள்.

ஆனால் கண் தெரியாதவரோடு ஓடுகிறவர் அவரைவிட வேகக்காரராக இருக்க வேண்டும். ஓடவும் வேண்டும், பேசவும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். டிரைவருக்கு வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டே போனது. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லாண்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற கால்கள். போன வருஷமே ஓடும்போது அவள் பேச்சு பாதியாகிவிட்டது. டாக்டர் ஒருமுறை மெதுவாக, "நம்ம குழுவுல தபால்காரர் நல்ல வேகம். வேணும்னா அவரை டிரைவர்கூட..." என்று ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

இந்த வருஷம் டிரைவருக்கு ஓர் ஆசை வந்திருந்தது. நாலு மணி நேரத்துக்குள் முடித்தால் பார்வையற்ற ஓட்டக்காரர்களின் சங்கம் வெளிநாட்டு ஓட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகும். "இருபது வருஷம் ஒரே ரூட்டு. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மறுபடி பஸ் ஸ்டாண்டு. முன்னப்பின்ன தெரியாத ஒரு ரோட்டுல ஒரு தடவை ஓடிப் பாத்துடணும்" என்றார். எதுவும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத மனிதர். அவளும் "அதுக்கென்ன, போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

முடித்தது நாலு மணி ஆறு நிமிஷத்தில்.

ஏன் ஆறு நிமிஷம் போனது என்று அவளுக்குத் தெரியும். பாலம் தாண்டியதும் கிடங்குகள் வரிசையாக நிற்கிற ஒரு நீளச் சாலை. அங்கே அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டது. முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார். அடுத்த வருஷம் அந்த லேஸின் மறுமுனை தபால்காரர் கைக்குப் போயிருக்கும். அந்த நொடியில் அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. "முன்னால கூட்டம், மெதுவா" என்றாள். சாலை காலியாகக் கிடந்தது. அவர் உடனே நடைக்கு வந்தார். மூச்சு திரும்பியதும் "விலகிட்டாங்க, வாங்க" என்றாள். இதே பொய்யை இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

கிளினிக்கில் முதலில் எழுந்தவர் பள்ளிக்கூடத்து டீச்சர். ஐந்தரை மணி நேரம் ஓடியவர். கிழிந்த பாதத்தைப் பற்றி, வழியில் தொலைத்த தொப்பியைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும்விட அந்தக் கிடங்கு ரோடுதான்பா. ஈ காக்கா இல்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றார். டீச்சர் வந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னால். அதற்குள் கூட்டம் கலைந்திருக்கும் என்று கணவர் நினைத்துக்கொள்வார் என அக்கா தன்னையே தேற்றிக்கொண்டாள். பக்கத்தில் டிரைவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேர் பேசிய பிறகு கடிகாரம் எழுந்தார். வங்கிக் குமாஸ்தா, இரண்டு கையிலும் வாட்ச் கட்டி ஓடுகிறவர் என்பதால் வந்த பெயர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

"நான் பாலத்துல இருந்து டிரைவர் அண்ணனுக்குப் பின்னாலயேதான் வந்தேன்" என்றார். "அந்த நீள ரோட்டுல மொத்தமே இவங்க ரெண்டு பேர்தான், மஞ்சள் சட்டை. அதைப் பாத்துக்கிட்டேதான் ஓடினேன், இல்லேன்னா நானும் உக்காந்திருப்பேன். ஆமா, நடுவுல ஏன்க்கா மூணு தடவை நடந்தீங்க? ரெண்டு ரெண்டு நிமிஷம்னு வெச்சாக்கூட மூணு தடவைக்கு..."

கணக்கு அவர் வாய்க்குள்ளேயே முடிந்துபோனது. ஆறு நிமிஷம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மீன் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பூமி வாய் பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்று அக்காவுக்கு இருந்தது. கணவரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"அடுத்து நாங்கதானே?" என்று டிரைவர் எழுந்தார். "நாலு மணி ஆறு நிமிஷம். கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுப்பா. நான்தான் நிக்கச் சொன்னேன், மூணு தடவை. இவ திட்டின திட்டு இருக்கே, கடிகாரத்துக்குக் கேட்டிருக்கணுமே!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தப்பித்தோம் என்று கடிகாரம்தான் பலமாகக் கைதட்டினார். அக்காவும் சிரித்து வைத்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கப்பைக் கழுவப்போகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

திரும்பி வரும் வழியில் இரண்டு தெரு தாண்டும் வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என்ன, இன்னைக்குத் தெருவுல ஒண்ணுமே நடக்கலையா?" என்றார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எது?"

"விளையாடாதீங்க."

"மொதத் தடவையே. கூட்டம்னா காலடிச் சத்தம் கேக்காதா? எனக்கு உன் மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு. துணி கிழியற மாதிரி இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே. ஏங்க கேக்கல?"

"கேட்டா நீ ஒத்துப்பே. ஒத்துக்கிட்டு லேஸைக் கழட்டிக் குடுத்துடுவே. எனக்கு அந்த நாலு மணி நேரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பேசாம வா."

வேண்டாமாம்! ஓட்டம் முடிந்த அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை வாசிக்க விட்டவர்தானே. ஓட்டத்தின் முடிவு வந்த செய்தியைப் போனின் பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் படிக்கும். நாலு மணி ஆறு நிமிஷம் என்று வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி படிக்க விடுவார். கதவுக்கு வெளியே நின்று அவளும்தான் கேட்டாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தனக்காக அவர் ஆசையை முழுங்கியதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தபால் ஆபீசுக்குப் போனாள். தபால்காரர் பையில் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் லேஸை வைத்தாள்.

"அக்கா, என்ன இது? நான் எப்படி? நீங்க ரெண்டு பேரும்..."

"குறுக்க பேசாதீங்க, எனக்கு அரைமணி நேரம்தான். எப்பவும் இடது பக்கம் நில்லுங்க. திருப்பம் வந்தா மூணு எட்டுக்கு முன்னாடியே சொல்லணும். இறக்கத்துல பயப்படுவார், வெளிய காட்டிக்க மாட்டார். அப்புறம், பேசிக்கிட்டே வரணும்."

"என்ன பேசறது?"

"கண்ணுல படறதை" என்றாள்.

வீட்டில் இரண்டு நாள் புயல் அடித்தது. "தள்ளி விடறியா என்னை?" என்று கேட்டார். "ஆமா, தள்ளித்தான் விடறேன். அடுத்த வருஷம் நாலு மணிக்குள்ள முடிச்சு, அந்தத் தெரியாத ரோட்டுல ஓடிட்டு வாங்க. எப்படி இருந்துச்சுன்னு நீங்க வந்து எனக்குச் சொல்லுங்க. ஏழெட்டு வருஷமா நான்தானே சொல்லிட்டிருக்கேன், ஒரு தடவை நான் கேட்டுக்கறேன்" என்றாள். அன்று ராத்திரி அவரே ஷூவைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தபால்காரர் வந்து அழைத்துப் போனார். "நீயும் பூங்கா வரைக்கும் வாயேன்" என்று டிரைவர் கூப்பிட்டார். தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் தெரு முனை திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். பூங்காவில் குடிநீர்க் குழாயைத் தாண்டி ஒரு வளைவு உண்டு. பாதையிலிருந்து இரண்டு எட்டு தள்ளி அங்கே நின்றாள்.

வந்தார்கள். அப்பா, என்ன வேகம்! தன் கணவர் இப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? பக்கத்திலேயே அல்லவா இருந்தாள்! முழங்கால் உயர்ந்து உயர்ந்து இறங்கியது. இத்தனை வருஷம் இந்தக் கால்களை நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேனா என்று நினைத்துக்கொண்டாள். பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் எரிந்தது. தபால்காரர் பாவம், பேசத் தெரியாதவர். "வலது" என்றார். கொஞ்சம் கழித்து "மேடு" என்றார். அவ்வளவுதான். குழாயடியில் ஒரு தாத்தா தன் நாய்க்கு உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொல்ல ஆளில்லை. டிரைவரின் தலை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக இருந்தது.

அவர்கள் நெருங்கினார்கள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். 'ஏங்க' என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் நின்றுவிடுவார். கூப்பிடாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும்; எந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் அவள் மூச்சை அவர் கண்டுபிடித்துவிடுவார். அக்கா இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். அவர்கள் வளைவு தாண்டி, காலடிச் சத்தம் தேயும் வரைக்கும் மூச்சை விடாமல் நின்றாள்.