இருமினா சத்தம் வருது

என் வூட்டுக்காரர் மைசூர் பக்கம் கட்டட வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு அவருக்கு உடம்பு அனலா கொதிச்சுது. மேஸ்திரி வரச் சொல்லிட்டாரு, போயே ஆகணும்னாரு. வாசலைத் தாண்டிப் பத்தடி போனப்புறம்தான் "இன்னிக்கு வாணாங்க, போவாதீங்க"ன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துது. ஆனா எங்க ஜவ்வாது மலையில கிளம்பிப் போறவங்களைப் பின்னாடி கூப்பிட மாட்டோம். போற காரியம் கெட்டுடுமாம். வாயை மூடிக்கிட்டேன். நல்லா மூடினேன் போ! அஞ்சாம் நாள் அவரை வேன்ல பொணமா கொண்டாந்து இறக்கினாங்க. காய்ச்சல் முத்திப் போச்சாம்.

காரியம் முடிஞ்ச மறுநாள் மாடு சாமைக் கொல்லையில இறங்கிடுச்சு. விரட்டலாம்னு வாயைத் திறந்தா காத்துதான் வருது. குரலைக் காணோம்.

ஒரு வாரம் கஷாயம் குடுத்தாங்க. பூசாரி, செத்தவரு தொண்டையைப் பிடிச்சிருக்காருன்னு சேவல் அறுத்தாரு. கறியை எல்லாரும் தின்னாங்க, எனக்குப் பேச்சு வரலை. ஊர்ல சில பேரு கையை ஆட்டி ஜாடை காட்டுவாங்க, சில பேரு காதுகிட்ட வந்து கத்துவாங்க. அட கர்மமே, போனது பேச்சு, காது இல்லை! போகப் போக அதுவும் நின்னுபோச்சு. பதில் சொல்லாதவகிட்ட எத்தினி நாள்தான் பேசுவாங்க?

அதுகூட எனக்குப் பெருசில்லை. எம்மவ போளூர்ல ஹாஸ்டல்ல தங்கி ஆறாவது படிக்கிறா. ஞாயித்துக்கிழமை வார்டன் அம்மா போனைக் குடுப்பாங்க. அவ "அம்மா, அம்மா"ங்கிறா, நான் மூச்சு விடறேன். "சாப்டேன்மா, நல்லா இருக்கேன்மா"ன்னு அவளே கேள்வி, அவளே பதில். அப்பனும் போயி, அம்மா குரலும் போனா அந்தச் சின்னதுக்கு யாரு இருக்கா? அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும், அவ்ளோதான் எனக்கு வேண்டியிருந்துது.

மலையை விட்டுக் கீழ இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துட்டு, தொண்டையில ஒண்ணுமில்லைன்னாரு. இருமச் சொன்னாரு. இருமினேன். கணீர்னு சத்தம். கூட வந்த மாமியா மூஞ்சியைப் பார்க்கணுமே! "இரும வருது, பேச வராதா? இன்னாமா நடிக்கிறா!" நாங்க மலை ஏறின அன்னிக்கே ஊர் பூரா சேதி பரவிடுச்சு. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஆளில்லாத கொல்லையில நின்னு "கண்ணு"ன்னு கூப்பிட்டுப் பார்ப்பேன். காத்துதான். அங்க யாருக்குடி நடிச்சுக் காட்டறே?

அந்த டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட மனநல டாக்டர் அம்மாகிட்ட நான் மட்டும் தனியா போனேன். "நான் நடிக்கிறேனா?"ன்னு நோட்டுல எழுதி நீட்டினேன்.

"இல்லைம்மா. நடிக்கிறவங்களுக்கு நடிக்கிறோம்னு தெரியும். உங்க தொண்டை நல்லாதான் இருக்கு. பேசுன்னு நீங்க சொல்றது அதுக்குப் போய்ச் சேரலை. மனசு தாங்காததை சில சமயம் உடம்பு இப்படிக் காட்டும். இது நெசமான நோவுதான். சரியாகும்."

நெசமான நோவு. அந்த ஒத்தை வார்த்தைக்கு அந்தம்மா கால்ல விழுந்திருப்பேன். இன்னா நடந்துதுன்னு கேட்டாங்க. அன்னிக்குக் கூப்பிட்டிருந்தா அவரு உசுரோட இருந்திருப்பாருன்னு எழுதினேன். அதுவரைக்கும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

இருமி, அந்தச் சத்தத்தையே "ம்ம்"னு இழுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. மாசா மாசம் போய்ட்டு வந்தேன். தெனமும் கொல்லையில நின்னு இருமினேன். பார்த்தவங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போங்க! "ம்" போயி "மா" வந்துது, அப்புறம் வார்த்தை வந்துது. கரகரன்னு, யாரோ ஆம்பளை பேசற மாதிரி.

மொதல் பேச்சு எம்மவகிட்டதான்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. ஞாயித்துக்கிழமை போன் போட்டு, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்டியா கண்ணு?"ன்னேன். அவ "ஹலோ, ஹலோ"ன்னா. "அம்மாடி, அம்மா பேசறேன்"னேன்.

"யாருங்க நீங்க?"ன்னா எம்மவ. "எங்கம்மாவுக்குப் பேச வராதுங்க."