புழுவுக்கு இருந்த மரியாதை

பட்டுப்புழுவப் பார்த்து வயிறெரிஞ்ச பொம்பளைய நீங்க எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. நான் எரிஞ்சிருக்கேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க.

எங்க வூடு பென்னாகரத்துலேர்ந்து ஒகேனக்கல் போற ரோட்டு மேலயே இருக்கு. இதைச் சொன்னாலே எங்க பக்கத்துக்காரங்களுக்கு என் கதை பாதி புரிஞ்சிடும். சொந்தக்காரங்க யாரு அருவிக்குக் கெளம்புனாலும் போறப்ப எங்க வூட்ல டீ, வர்றப்ப சாப்பாடு. எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வர்றவங்களுக்குப் பசி எப்படி இருக்கும்? அங்க வாங்கின மீனை என் கையில குடுத்து, காரமா வெச்சிரு கண்ணுன்னு சொல்லிட்டு, ஃபேனுக்கு அடியில கால நீட்டிருவாங்க. நான் வாசல்ல ஒக்காந்து மீனைக் கழுவுவேன்.

இதுல தவறாம வர்றது என் வூட்டுக்காரரோட அக்கா. அவங்கள அரூர்ல குடுத்திருக்கு. மகன், மருமக, பேரப்புள்ளைங்கன்னு ஒரு வேன் நெறைய வருவாங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஈரத்தலைய விரிச்சுப் போட்டு, ஒடம்பெல்லாம் புடிச்சுவிட்டதுல கண்ணு சொக்கி ஒக்காந்திருப்பாங்க பாருங்க, அதப் பார்க்கறப்ப எனக்குப் பத்திக்கிட்டு வரும். பஸ்ஸேறினா அரை மணி நேரத்துல அருவி. நான் கடைசியா எப்ப அதுல தலைய நனச்சேன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும்.

அவங்க மேல இருந்த பொறாமை கூடப் பரவாயில்ல, மனுஷி மேல மனுஷிக்கு வர்றதுதான். புழு மேல வந்துச்சே, அதுக்கு என்ன சொல்றது.

வூட்டுக்குப் பின்னால எங்க புழு ஷெட்டு இருக்கு. மல்பெரித் தழை வெட்டிப் போட்டு அதுல பட்டுப்புழு வளர்க்கறோம். ஷெட்டுக்குள்ள போகணும்னா செருப்ப வெளிய விட்டு, பிளீச்சிங் பவுடர் தண்ணியில கால நனச்சுட்டுத்தான் போகணும். கொசுவத்தி, ஊதுபத்தி, சென்ட்டு எதுவும் கிட்ட வரக்கூடாது. புழு தோலுரிக்கிறதுக்கு முன்னால தின்னாம, அசையாம அப்படியே படுத்துக் கெடக்கும். அந்த நேரத்துல அதைத் தொடக்கூடாது, தழையும் போடக்கூடாது. என் வூட்டுக்காரரு யாருக்கும் இல்லன்னு சொல்லத் தெரியாத ஆளு. கடன் கேட்டாலும் சரி, மாட்டைக் கேட்டாலும் சரி, தலைய ஆட்டிருவாரு. ஆனா ஷெட்டு வாசல்ல நின்னாருன்னா வேற ஆளு.

ஒரு தடவ இந்த அரூர் அண்ணி பேரப்புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் புழு காட்டப் போனாங்க. இவரு குறுக்க கைய நீட்டி நின்னுட்டாரு. உள்ள போவாதீங்கக்கா, படுத்திருக்குன்னாரு. அரூர்ல நாலு பஞ்சாயத்து பேசுற அண்ணி ஒரு வார்த்த பேசல. சத்தம் போடாதீங்கன்னு புள்ளைங்கள அதட்டிக் கூட்டிக்கிட்டுத் திரும்பிட்டாங்க. நான் அடுப்படி ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கைல மீன் நாத்தம், முதுகுல வலி. புழுவாப் பொறந்திருக்கலாம்னு அன்னிக்கு மனசாரத் தோணுச்சு.

முதுகு வலி ரொம்ப நாளாவே இருந்துச்சு. போன தடவ புழு வளர்த்தப்ப, கடைசித் தழைக்கட்டத் தூக்கறப்ப சுளீர்னு புடிச்சுக்கிச்சு. இடது கால் மரத்துப் போச்சு. தர்மபுரியில டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துட்டு, இனிமே குனியாதீங்க, கனம் தூக்காதீங்க, கொஞ்ச நாளைக்குப் படுத்தே இருங்கன்னாங்க. இப்படியே விட்டா காலு வராமப் போயிரும், அப்புறம் ஆபரேஷன்தான்னும் சொன்னாங்க. இவரும் பக்கத்துல நின்னு கேட்டாரு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்டு புடிச்சுக் குடுத்தாரு. அவ்வளவுதான்.

பட்டுக்கூடெல்லாம் எடுத்து வித்தாச்சு, ஷெட்டக் கழுவி விட்டாச்சு. அந்த ஞாயித்துக்கெழம காலையில அண்ணி போன் வந்துச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டேன். வாங்கக்கா, வாங்க, மத்தியானம் இங்கதான்னு இவரு சொல்றாரு. அப்புறம் கட்டிலோரமா வந்து, கொழம்பு மட்டும் வெச்சாப் போதும், மசாலா நானே அரைச்சுத் தரேன்னு தலையச் சொறிஞ்சாரு.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல. புழு படுத்திருந்தா மட்டும் ஊரையே நிறுத்துறீங்களே, நான் படுத்திருக்கறது கண்ணுக்குத் தெரியலயான்னு கேட்டுட்டேன்.

அவரு யோசிச்சுப் பார்த்துட்டு நெசமாவே சொன்னாரு. “அது புழும்மா. பாக்கலைன்னா செத்துப்போயிரும்.”

கோவம் கூட வரல எனக்கு. போனை எடுத்து அண்ணிக்குப் போட்டேன். இன்னிக்கு வராதீங்க அண்ணி, என்னால முடியாதுன்னேன். அந்தப் பக்கம் வேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு.

“புழு படுத்திருக்கா கண்ணு?”

ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல, சந்தோஷமா நேரா வூட்டுக்குப் போயிருப்பாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அதையும் புழுவுக்கே குடுக்கணுமா?

“புழு இல்லீங்க. ஷெட்டு காலியாத்தான் கெடக்கு. நாந்தான் படுத்திருக்கேன்.”

போன் கட்டாயிருச்சு. அக்கா என்ன நெனப்பாங்கன்னு இவரு மொணமொணத்துக்கிட்டே நின்னாரு. நான் பாயையும் தலகாணியையும் அவரு கையில குடுத்து, கொண்டு போயி ஷெட்டுல போடுங்கன்னேன். செவுத்தைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போயி, செருப்ப வெளிய விட்டுட்டுக் கதவச் சாத்திப் படுத்துட்டேன். கழுவி விட்ட தரை, சில்லுன்னு இருந்துச்சு.

மத்தியானம் வேன் வந்து நின்னுச்சு. வருவாங்கன்னு எனக்குத் தெரியும். அண்ணி காலடிச் சத்தம் வூட்டுக்குள்ள போயி, அடுப்படிக்குப் போயி, பின்வாசல் வழியா நேரா ஷெட்டுப் பக்கம் வருது. அப்படி என்ன ஒடம்பு, நான் பார்க்கறேன்னு பேசிக்கிட்டே வர்றாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். இவரு கதவத் தொறந்து விட்டுருவாரு, நான் எந்திரிச்சு ஒலை வெப்பேன், அவ்வளவுதான் நம்ம வீரமெல்லாம்னு நெனச்சேன்.

கதவு தொறக்கல. கதவுக்கு முன்னால இவரு குரல் கேட்டுச்சு.

“உள்ள போவாதீங்கக்கா. படுத்திருக்கா.”

பின்னாலயே ஓடி வந்த புள்ளைங்க என்னமோ கத்துச்சுங்க. சத்தம் போடாதீங்கன்னு அண்ணி அதட்டுறது கேட்டுச்சு. அவங்க வாங்கிட்டு வந்த மீன் என்னாச்சு, யாரு கழுவுனா, யாரு கொழம்பு வெச்சா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நான் கால நல்லா நீட்டிப் படுத்துக்கிட்டேன்.