நாணலாகிய கீறல்

றெஜினாக்காவின் கை வழுக்கவில்லை. வழுக்கியது என் கை. அதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன்... உங்களிடமாவது சொல்லிவிட்டேன்!

நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் ஒரே நகைக்கடையில் பெயர் பொறித்தவர்கள். அவள் முதலில் விலகினாள். மிசிசாகாவில் வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் சித்திரம் செதுக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். பிறகு என்னையும் கூப்பிட்டாள். நான் முகத்திலடித்தாற்போல் மறுத்தேன். துப்பாக்கியா? அதற்குப் பயந்துதானே ஊரைவிட்டு ஓடிவந்தோம்!

"விசரி, உது வெறும் இரும்படி. ஒருக்கா வந்து பார்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மேசைமேல் சுழலும் பிடியில் இறுக்கிய, துப்பாக்கிக்கான உருக்குத் தகடு ஒன்றைக் காட்டினாள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காட்டு வாத்து ஒன்று நீரிலிருந்து எழுகிறது. அதன் இறகில் ஈரம் தெரிகிறது... உருக்கில் ஈரம்! ஒரு மனுசியால் இது முடியுமா? எனக்கு அழுகை வந்தது. வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

சித்திரம் அவளுக்கு, எழுத்து எனக்கு. மல்வேர்னில் என் வாசலுக்கே அவள் கார் வரும். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் நிற்கும்போதுகூட அவளது வலது கைதான் என் கண்ணில் படும். சிவந்த, குட்டை விரல்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாய்வேன்.

அவள் உளியை அலைக்கமாட்டாள். உளி நின்ற இடத்தில் நிற்கும்; இடது கை பிடியைச் சுழற்ற, தகடு உளியை நோக்கி வரும். மூச்சை எப்போது விடுகிறாள் என்பதே தெரியாது.

ஆனால் அவள் பெயர் யாருக்குத் தெரியும்? துப்பாக்கியில் பட்டறையின் முத்திரை மட்டும்தான் விழும். வந்து பார்ப்பவர்கள் "செதுக்கினவன் பெரிய கெட்டிக்காரன்" என்று சொல்லிப்போவார்கள். முதலாளி சிரித்துக்கொள்வார். அக்காவும் சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்க, ஒரு வாடிக்கையாளர் செதுக்கியவரின் பெயரும் வேண்டும் என்று கேட்டார். முழுப்பெயர்! துப்பாக்கி விசையைச் சுற்றி வளையும் விசைக்காப்பின் அடியில் அதற்கென்று இடம் விடப்பட்டது. எழுத்து என் வேலை அல்லவா? "வடிவா வெட்டு, என்ன?" என்றாள் அக்கா. அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தத் துப்பாக்கியின் தகட்டில், அவள் பாதி செதுக்கியிருந்த வாத்தில்தான் நான் கை வைத்தேன்.

மதியம். அவள் சாப்பாட்டைச் சூடாக்கப் போயிருந்தாள். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் தொடங்கிய தகட்டை இன்னொருவர் தொடுவதில்லை. யாரும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. தொடமாட்டோம், அவ்வளவுதான். நான் தொட்டேன். ஏன்? அவளாக ஒரு கணம் இருந்துபார்க்க ஆசைப்பட்டேன்... ஒரே ஒரு இறகு!

என் கை பொன்னில் பழகிய கை. பொன் வழிவிடும், உருக்கு விடாது. உளியைத் தாழ்த்திப் பிடித்தபடி அழுத்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். சட்டென்று வழுக்கியது. வாத்தின் மார்பிலிருந்து நீர்வரை ஒரு கீறல்... ஆழமாக!

என் இடத்திற்குத் திரும்பிவிட்டேன். அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக!

அவள் வந்து குனிந்தாள். நிமிரவேயில்லை. நெடுநேரம் கழித்து, தன் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வசந்தி... காலமை நான்தானே உதில இருந்தனான்?"

"ஓம் அக்கா."

"வழுக்கினதுகூட எனக்குத் தெரியேல்லையடி. அப்பாவுக்கும் நடுக்கம் உப்பிடித்தான் தொடங்கினது. முதல் கை. பிறகு கழுத்து..."

என்னை அவள் சந்தேகிக்கவே இல்லை. அடுத்தவர் தகட்டை ஒருத்தி தொடுவாள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அதைவிடத் தன் கையில் நோய் வந்ததென்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது!

அப்போதாவது வாயைத் திறந்தேனா? வேலை போய்விடும் என்று பயந்தேன். பயம் மட்டும்தானா? அவள் இருக்கை காலியானால்... என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதை மறைக்கமாட்டேன்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! அவள் சிலுவைக் குறி போட்டாள். உளியை எடுத்தாள். என் கீறலை ஆழமாக்கி, வளைத்து, நுனியில் பூ வைத்து ஒரு நாணலாக்கினாள். வாத்து நாணலை விலக்கிக்கொண்டு எழுவது போலாயிற்று. அது அங்கே இல்லாதிருந்தால்தான் குறை என்று தோன்றியது. அந்தக் கை இம்மியும் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடவுளே, என்ன கை அது! பார்த்துக்கொண்டே, வாயை மூடிக்கொண்டே நின்றேன்.

வாடிக்கையாளர் அந்த நாணலைத்தான் மிகவும் புகழ்ந்தார்.

பெயர் வெட்டும் நாள் வந்தது. "வேண்டாம். வழுக்கின கைக்குப் பேர் என்னத்துக்கு?" என்றாள். முதலாளி கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. விசைக்காப்பின் அடி வெறுமையாகவே போயிற்று. உளிகளைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டு அவளும் வேலையை விட்டுப் போய்விட்டாள். இப்போது சித்திரமும் நான்தான். நன்றாகத்தான் செய்கிறேன் என்கிறார்கள். நாணல் மட்டும் செதுக்குவதில்லை.

மருத்துவர்கள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார்களாம். "தொடக்கத்தில அவையளுக்குத் தெரியாது" என்பாள் அவள்.

போன ஞாயிறு டோர்செட் பார்க்கில் அவள் வீட்டுக்குப் போனேன். குசினியிலிருந்து எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது.

"ஏனக்கா இவ்வளவு?"

"நெடுக இப்பிடித்தான் வாக்கிறனான். எப்ப சிந்தத் தொடங்குதெண்டு பாக்கவேணுமெல்லோ."

நீட்டினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் கைக்கு மாறியதும் சாசரில் தளும்பியது.

"பாத்தடி, சுடப்போகுது" என்று சொல்லித் துணி எடுக்கப் போனாள்.

நான் குடித்தேன்.