என் கட்டிக்கு அவர் சட்டை கழற்றினார்

முதல் பிள்ளைக்கு ஆறு மாதம். பால் கொடுத்து முடித்து மார்பைத் துடைக்கும்போது இடப்பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படியொரு கட்டியை வெட்கத்தில் இரண்டு வருடம் மறைத்து வைத்து மவுத்தாகி அடக்கமாகியிருந்தார். அவரும் வலி இல்லை என்றுதான் சொன்னாராம். என் பிள்ளைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரி ஆண். அப்படியானால் பெண்ணின் நோயைப் புருஷன் போய்ச் சொல்லி மருந்து வாங்கி வருவதுதான் எங்கள் வழக்கம். என் கணவர் நெல் வியாபாரி. நூறு மூடையைக் கண்ணால் பார்த்தே நிறை சொல்வார். மார்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. ஆகவே நான் இலக்கமிட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, நெஞ்சில் இடப்பக்கம் கட்டி. இரண்டு, வலி இல்லை. மூன்று, பயமாக இருக்கிறது. யாருக்கு என்பதை எழுதவில்லை. கடதாசி கல்முனைச் சந்தையில் விழுந்து யாராவது வாசித்துவிட்டால்?

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. கையில் ஒரு மருந்துப் போத்தல்.

"என்ன செல்லினார்?"

"ஒண்டும் இல்லையாம். கட்டி கரைஞ்சு பெய்த்தாம்."

"பார்க்காம எப்பிடிச் செல்லுவார்?"

"பார்த்தாரே."

"யாரை?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சட்டையைக் கழட்டச் செல்லினார். கழட்டினன்."

"உங்கட சட்டையையா மச்சான்?"

"மறுகா உன்ட சட்டையையா நான் போட்டுட்டுப் போனன்? பின்னால நாப்பது பேர் நிக்காங்க. இது பொண்டாட்டிக்கு எண்டு எப்பிடிக் கதைக்கிற? அமத்து அமத்தெண்டு அமத்திட்டார். நல்ல நெஞ்சாம்."

சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் அழுகை வந்தது. பிறகு, அவருடைய இல்லாத கட்டிக்குக் கொடுத்த மருந்து என்னுடைய இருக்கிற கட்டிக்குக் கேட்காதா என்று யோசித்தேன். மூடியைத் திறந்து மணந்தும் பார்த்தேன். குடிக்கவில்லை.

மறுநாள் திரை கட்டிய மாட்டுவண்டியில், பிள்ளை நிறுக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கு பிரசவம் பார்க்கும் மிட்வைப் கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பெண். நடந்ததைக் கேட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, கட்டியைச் சுற்றி அக்குள்வரை விரல்களால் மெல்ல அமத்திப் பார்த்தார்.

"பால் கட்டினது போலத்தான் கிடக்கு, தங்கச்சி. இளஞ்சூட்டில துணி நனைச்சு ஒத்தணம் குடுங்க. பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை முதல்ல குடுங்க. பத்து நாளில கரையாட்டி மட்டக்களப்புப் பெரிய டாக்குத்தரிட்டப் போகணும். மனுசனை அனுப்பப்படாது. நீங்க போகணும்."

நாளுக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்தேன். எட்டாம் நாள் கட்டியைக் காணவில்லை. சந்தோஷப்படாமல், வேறெங்காவது போய் ஒளிந்துகொண்டதோ என்று முதுகுவரை தேடினேன். பத்தாம் நாள் கிளினிக்கில் அழுதுகொண்டு நின்றேன்.

மிட்வைப் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"கட்டி போயிட்டு, தங்கச்சி. இல்லாத கட்டியைத் தேடி அழுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். ஆனா வந்து காட்டினது நல்லது. இனி மாதத்துக்கு ஒருக்கா நீங்களே தடவிப் பாருங்க. புதுசா ஏதும் தட்டுப்பட்டா உடன வாங்க. ஒருக்கா எண்டா ஒருக்கா, இருபது தரம் இல்ல!"

"எந்த நாளில?" தவறான நாளில் பார்த்துவிடக் கூடாதே.

"மாதம் முடிஞ்சு நீங்க முழுக்குக் குளிக்கிறதுதானே? அண்டைக்குப் பாருங்க."

மார்க்கம் விதித்த அந்தக் குளிப்பை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது. வண்டி சந்தி தாண்டிய பிறகுதான், பிள்ளை பெற்றபின் எனக்கு இன்னும் மாதவிலக்கு வரவே இல்லை என்பது உறைத்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.