எட்டாம் பக்கம்

மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். அதனால் அடுத்த வீட்டுத் துர்க்கா அன்ரி எதை வாசித்தாலும் அது எங்களுக்கும் பாடம். அவருக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. விடிய ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். நாலு மணிக்குப் பியானோ. மகள் சுபாங்கி ஐந்தாம் கிரேட் பரீட்சையோடு கைவிட்ட பியானோவில் முப்பத்தேழு வயதில் வந்து உட்கார்ந்தவருக்கு இப்போது நாற்பத்து நாலு.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய இசைத் துண்டுக்கு ஆசைப்பட்டார். பன்னிரண்டு பக்கம், பத்து நிமிடம். இல்லத்தில் ஒருவரைக் குளிப்பாட்டும்போது அறை வானொலியில் கேட்டதாம். கேட்டுக்கொண்டே இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுவிட்டாராம். ஜூன் மாதம் நடக்கும் மாணவர் நிகழ்ச்சியில் அதைத்தான் வாசிப்பது என்று பிடிவாதமாக நின்றார்.

வீட்டுக்கு வந்து படிப்பிக்கும் ஆசிரியர் பஸ்ரியனுக்கு இருபத்தாறு வயது. பாட நேரத்தில் அன்ரிக்கு அவர் 'சேர்', தேத்தண்ணி கொடுக்கும்போது 'தம்பி'.

"சேர், முதல் நாலு பக்கமும் வந்திட்டுது. மிச்சமும் வரும்தானே?"

வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. பஸ்ரியன் தாள்களைப் புரட்டினார்.

"இனி எட்டாம் பக்கத்தில இருந்து வாசியுங்கோ."

அன்ரியின் கைகள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன.

காரணம் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடமாக்கிய பழக்கம் அது: ஒரு சொல் தப்பினால், பிரம்போடு நிற்கும் வாத்தியாருக்கு முதல் அடியிலிருந்து தொடங்கவேண்டும். அன்ரியும் தடக்குப்பட்ட ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனார். இரண்டு மாதமாகத் தொடக்கம் தேய்ந்துகொண்டிருந்தது. எட்டாம் பக்கத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

"அன்ரி, இந்தத் துண்டு உங்களுக்கு வருமோ எண்டு முதல் பக்கம் சொல்லாது. இந்தப் பக்கத்தைத்தான் கேக்கவேணும்." பஸ்ரியன் அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகளைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டார். "மூண்டு கிழமை தாறன். தாளம் தட்டுற மெட்ரோனோமை ஐம்பது வேகத்தில வைச்சுத் தொடங்குங்கோ. எண்பதுக்கு ஏறினா நிகழ்ச்சிப் பட்டியலில உங்கட பேருக்கு நேரே இதைப் போடுறன். இல்லாட்டி மற்றது."

மற்றது மூன்று பக்கத் துண்டு. அன்ரி அதைக் கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பார்.

முதல் கிழமை அறுபத்திரண்டு. இரண்டாம் கிழமை அறுபத்தாறு, அதோடு நின்றுவிட்டது. இடது கை ஒரே நேரத்தில் பத்துக் கட்டை அகலம் விரியவேண்டிய ஓர் இடம் அது. அன்ரியின் கை எட்டுத்தான் விரியும்; மிச்சத்துக்குத் தாவவேண்டும். மணிக்கட்டில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இருந்தவரைச் சுபாங்கி விடவில்லை.

"அம்மா, ஜஸ்ற் டூ தி ஈஸி வன். ஒருத்தருக்கும் டிஃபரன்ஸ் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"ஷோ ஓஃப்!"

"ஓம். நாப்பத்து நாலு வயசில இப்பதான் தொடங்கிறன். தள்ளி இரு."

மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. வேலையில் பாரமான ஒருவரைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றவேண்டும். அப்படிப்பட்டவரைத் தனியே தூக்கக்கூடாது, இரண்டாவது ஆள் வரும்வரை காத்து நிற்கவேண்டும் என்பது அங்கே விதி. காத்து நின்ற அந்த நேரத்தில்தான், பஸ்ரியன் கட்டம் போட்ட அந்த இரண்டு வரியிலும் தன் வலது கை என்ன செய்கிறது என்ற யோசனை அன்ரிக்கு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரேயொரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

நாலு மணிக்கு இடது கைக்கு எட்டாத மேல் கட்டையை வலது கைப் பெருவிரலுக்குக் கொடுத்துப் பார்த்தார். மணிக்கட்டு முறுகவில்லை. சுவர் வழியே கேட்ட மெட்ரோனோமின் தட்டல் அன்று முதன்முறையாக அறுபத்தாறைத் தாண்டியது. இடையில் நிற்கவுமில்லை, முதல் பக்கத்துக்குத் திரும்பவுமில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ரியனுக்கு முன்னால் எழுபத்தாறில் வாசித்து முடித்தார்.

"கட்டையைக் கை மாத்தியிருக்கிறியள்."

"பிழையோ, சேர்?"

"இல்லை. சின்னக் கை இருக்கிற ஆக்கள் செய்யிறதுதான். நான் முதலே சொல்லியிருக்கவேணும்." மெட்ரோனோமின் எண்ணைக் குனிந்து பார்த்தார். "ஆனா எண்பது வரேல்லை, அன்ரி."

"வரேல்லைத்தான். போன கிழமை முழுக்க முறிஞ்சு நாலு ஏறினது. இந்த மூண்டு நாளில பத்து ஏறியிருக்கு. ஜூனுக்கு இன்னும் ஒன்பது கிழமை கிடக்கு. அண்டைக்கு வரும் எண்டு சொன்னது ஆசையில. இண்டைக்குச் சொல்லுறது செய்து பாத்துப்போட்டு."

"மேடையில தடக்குப்பட்டா?"

"தடக்குப்பட்டா அதில இருந்து போறன். ஆரும் பிரம்போட நிக்கப்போறேல்லையே."

பஸ்ரியன் சிரித்துவிட்டார். கைபேசியில் நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்து அன்ரியின் பேரைத் தேடினார்.

"பத்து நிமிசம் எண்டு போடவோ?"

"பன்னிரண்டு எண்டு போடுங்கோ. நான் ஆறுதலா, மெதுவாத்தான் போவன்."

தட்டி முடித்துவிட்டு, ஜக்கெற்றை எடுக்க எழும்பினார்.

"எங்க போறியள், சேர்? பாடம் முடிய இன்னும் பதினைஞ்சு நிமிசம் கிடக்கு," என்றபடி ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிய அன்ரி, மெட்ரோனோமை ஐம்பதுக்கு இறக்கினார்.